அரைநாள் யார் கணக்கில்?

கம்பம் பள்ளத்தாக்கில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களிடம் நாள் கூலி எவ்வளவு என்றுதான் கேட்கிறோம். மாதம் எத்தனை நாள் வேலை, கைக்கு வந்தது எவ்வளவு என்று கேட்பதில்லை. நூறுநாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக் கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுதாகக் கிடைத்தாலும் மாதத்துக்கு 2,800தான். மீதிக்கு ஏலக்காய் எஸ்டேட், திராட்சைத் தோட்டம். (விடியுமுன் ஜீப்பில் மலையேறும் நேரம் எந்தக் கணக்கிலும் வராது.)

முழுநாளுக்குக் கூப்பிட்டுவிட்டு, மதியத்தோடு வேலையில்லை என்று அரைக்கூலி கொடுத்து அனுப்புவதைச் சட்டம் ஏற்கவில்லை. அம்பேத்கர் 1946இல் கொண்டுவந்த மசோதாவின் வழி வந்தது 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டம். முதலாளி வேலை தராததால் நேரம் குறைந்தால் முழுநாள் கூலி உண்டு என்றது அதன் 15ஆம் பிரிவு. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பில் அது 10ஆம் பிரிவு. ஆனால் நிலமில்லாத தலித் பெண் தனியாளாக இதைக் கேட்டால் மறுநாள் ஜீப்பில் இடமிருக்காது. கூலி உயர்வு கேட்கும் சங்கங்கள் இந்த அரைநாளையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.