துப்பாக்கி உரிமம் வீட்டுச் சாவி அல்ல

புது தில்லி: உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி, 2016 டிசம்பர் 31 அன்று நாட்டில் நடப்பில் இருந்த துப்பாக்கி உரிமங்கள் 33.69 லட்சம். அவற்றுள் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில் மட்டும். காவல்துறையின் விசாரணையைக் கடந்து, பெயரையும் முகவரியையும் அரசிடம் பதிந்து உரிமம் பெற்றவர்கள் இவர்கள். கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவனின் முகவரி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஊரில் ஓர் அசம்பாவிதம் நிகழ்ந்தால், காவல் நிலையத்தில் கைக்கெட்டும் முகவரிகள் இவர்களுடையவைதான்.

வாசலுக்கு வரும் காவல் அதிகாரி வீட்டைச் சற்றுப் பார்க்க வேண்டும் என்கிறார். கையில் ஆணை ஏதும் இல்லை. மறுத்தால் உரிமம் பறிபோகுமோ என்று அஞ்சி வீட்டுக்காரர் வழிவிடுகிறார். இது சம்மதமா, பணிவா?

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வீட்டையும் வீதியையும் ஒன்றாகக் கருதவில்லை. ஆயுதத்துடன் செல்பவரிடம் உரிமத்தைக் காட்டுமாறு காவல் அதிகாரி கேட்கலாம். இது 19-ஆவது பிரிவு. வாகனத்தை நிறுத்திச் சோதிக்கலாம். இது 23-ஆவது பிரிவு. வீட்டுக்குள் நுழைவதற்கோ 22-ஆவது பிரிவு வேறு வழி வகுத்துள்ளது. ஆயுதம் சட்டவிரோத நோக்கத்துக்காக வைக்கப்பட்டுள்ளது, அல்லது அந்நபரிடம் அது இருப்பது பொது அமைதிக்கு ஆபத்து என்று நடுவர் நம்ப வேண்டும். நம்புவதற்கான காரணங்களைப் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகே சோதனை. அப்போது உரிமம் பெற்ற ஆயுதத்தையும் கைப்பற்றலாம். துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டுமாறு உரிமம் வழங்கிய அதிகாரி கேட்க முடியும் என்பது உண்மையே. அதற்காக அலமாரிகளைக் குடைய அனுமதி கிடைத்துவிடாது.

குற்ற வழக்கொன்று விசாரணையில் இருந்தால் நிலைமை மாறும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185-ஆவது பிரிவின்படி, விசாரணை அதிகாரி ஆணையின்றியும் சோதனையிடலாம். ஆனால் காரணத்தையும் தேடும் பொருளையும் முன்கூட்டியே எழுத வேண்டும். சோதனையை ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும். எழுதியதன் நகலை 48 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் அவருக்கும் நகல் இலவசம். (ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் நடப்பில் உள்ள பகுதிகளின் கதை வேறு.)

ராஜஸ்தானைச் சேர்ந்த புகையிலை விவசாயி ஒருவர், காரணத்தை எழுதாமல் வீட்டைச் சோதிக்க வந்த கலால் அதிகாரியைத் தடுத்தார். அது குற்றமல்ல என்று பல ஆண்டுகளுக்கு முன்பே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. இதை நம்பி வாசலில் மல்லுக்கு நிற்பது விவேகமாகாது. காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்பதற்கு உரிமை உண்டு என்பதையாவது அறிந்திருக்கலாம்.

இத்தனை வேலிகள் இருந்தும், அவற்றைத் தாண்டுபவருக்கு இழப்பு எதுவும் இல்லை என்பதே சிக்கல். சட்டவிரோதச் சோதனையில் கிடைத்த பொருளும் வழக்குக்குப் பொருத்தமானதாயின் சாட்சியமே என்று பூரன் மல் வழக்கில் 1973 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அறிவித்த பின்னரும் அந்நிலை மாறவில்லை. தலைநகர் தில்லியில் உரிமம் வழங்குவதும் காவல்துறைதான். கதவைத் தட்டுவதும் அதே துறைதான்.

துப்பாக்கிக்காக இங்கே யாரும் பரிந்து பேசவில்லை. கல்யாண ஊர்வலங்களில் வானை நோக்கிச் சுடுவதை 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் தண்டனைக்குரியதாக்கியது சரியே. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைக்க மசோதா வந்தது; முடிவில் இரண்டு என்றாயிற்று. எண்ணிக்கையில் அவ்வளவு கவனம் காட்டிய திருத்தம் 22-ஆவது பிரிவைத் தொடவில்லை.

முறைகேடாகத் திரட்டப்பட்ட சாட்சியத்தை நிராகரிக்கும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்கு அளிக்கலாம் என்று சட்ட ஆணையம் 1983-இல் தனது 94-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அதற்கென 166-ஏ என்ற புதிய பிரிவையே எழுதியும் கொடுத்தது. சரியாக 40 ஆண்டுகள் கழித்து, 2023-இல் சாட்சியச் சட்டம் முழுவதுமாக மாற்றி எழுதப்பட்டது. புதிய சட்டத்திலும் அந்தப் பிரிவுக்கு இடம் கிடைக்கவில்லை.