பெங்களூருக்கு பிளேனில் போனால் லாபமா?
பறப்பது 1 மணி நேரம். தரையில் அலைவது 4 மணி நேரம்!

சென்னையில் இருந்து பெங்களூர் எவ்வளவு தூரம்? ரெயிலில் போனால் சுமார் 360 கிலோ மீட்டர். ஆகாயத்தில் நேராக அளந்தால் 270 கிலோ மீட்டர்தான்.

மணிக்கு 800 கிலோ மீட்டர் பறக்கும் ஜெட் விமானத்துக்கு இது 20 நிமிஷ தூரம். ஆனால் டைம் டேபிளில் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறார்களே, ஏன்?

முழு வேகம் வருவது உச்சிக்குப் போன பிறகுதான். விமானம் ஏறி முடிப்பதற்குள் இறங்கும் நேரம் வந்துவிடுகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், முன்னால் நிற்கும் விமானத்துக்காக காத்து நிற்பதும் இந்த ஒரு மணியில்தான் சேரும்.

வியாபாரி கணக்கு

சவுகார்பேட்டை ஜவுளிக்காரர் ஒருவர் பெங்களூர் சிக்பேட்டைக்கு சரக்கு பார்க்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

மீனம்பாக்கம் போக 1 மணி. புறப்பட ஒரு மணி நேரம் முன்பே பெட்டி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள்; ஆகவே ஒன்றரை மணி முன்னதாக அங்கே இருக்க வேண்டும். பயணம் 1 மணி. இறங்கி பெட்டியோடு வெளியே வர அரை மணி. விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் இருந்து ஊருக்குள் வர 1¼ மணி. ஆக மொத்தம் 5¼ மணி நேரம்!

ரெயிலில்? சென்டிரலுக்கு ஆட்டோவில் கால் மணி. அரை மணி முன்னால் போனால் போதும். வந்தே பாரத் ரெயில் நாலரை மணிக்குள் சேர்த்துவிடும். ஸ்டேஷனில் இருந்து சிக்பேட்டை கால் மணி. மொத்தம் 5½ மணி.

பிளேனில் மிச்சம் 15 நிமிஷம்! டாக்சி வாடகை தனி.

2008 மே மாதம் வரை பெங்களூரில் விமானம் ஊருக்குள்ளேயே இறங்கியது. பிறகுதான் சுமார் 35 கிலோ மீட்டர் தள்ளி தேவனஹள்ளிக்கு போய்விட்டது.

அடுத்து பரந்தூர்

நம் ஊரிலும் அதே கதை வரப்போகிறது. 2022-ல் அறிவித்த பரந்தூர் விமான நிலையம் நகரத்தில் இருந்து சுமார் 70 கிலோ மீட்டர். அங்கே போகவே 2 மணி நேரம் ஆகும். அப்போது நம்ம ஜவுளிக்காரருக்கு 6¼ மணி, ரெயில் முந்திவிடும்!

டெல்லி சமாசாரம் வேறே. அது 1,700 கிலோ மீட்டருக்கு மேல். தமிழ்நாடு எக்ஸ்பிரசில் 30 மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். அங்கே போகிறவர் ஒரு மணி கூடுதலாக அலைந்தாலும் லாபமே.

ஏகனாபுரம் விவசாயிகள் நிலத்தை தர மாட்டோம் என்று 2022 முதல் எதிர்த்து வருகிறார்கள். அந்த நிலத்தில்தான் ஓடுபாதை என்றால், எந்த ஊர் விமானம் அங்கே போகும் என்பதையாவது இப்போதே சொல்ல வேண்டாமா?

பெங்களூர், கோவை மாதிரி கிட்டத்து ஊர் விமானங்களை மீனம்பாக்கத்திலேயே விட வேண்டும். முடியாது என்றால் பகல் ரெயில்களை கூட்ட வேண்டும். அதிகாரிகள் கவனிப்பார்களா?