50 மி.மீ. லென்ஸ்: கூடுதல் பணம் எதற்கு?

போன மாதம் என் தங்கை மகன் பென் டிரைவோடு வீட்டுக்கு வந்தான். செகண்ட் ஹேண்டில் கேனான் டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கியிருக்கிறான். கூடவே வந்தது வழக்கமான 18-55 ஜூம் லென்ஸ். தாத்தாவின், அதாவது என் அப்பாவின், சதாபிஷேகத்தன்று விடியற்காலை வீட்டு ஹாலில் நடந்த ஹோமத்தை எடுத்திருந்தான். மானிட்டரில் போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் ஆடிப் போயிருந்தன. திரும்ப எடுக்க முடியாத படங்கள்.

"மாமா, 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் வாங்கப் போறேன். ஈஎம்ஐல தர்றாங்க" என்றான்.

"எஃப் 1.8 போதாதா?"

"அது விலை கம்மி மாமா. சுமாராத்தான் இருக்கும்."

புதிதாகக் கேமரா வாங்கும் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நான் இதை ஒத்துக்கொள்வதில்லை.

இந்த 50 மி.மீ. லென்ஸ்கள் பிரைம் வகை. ஜூம் கிடையாது. நெருங்கவோ விலகவோ நாம்தான் நடக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கிடைப்பது வெளிச்சம். எஃப் என்ற எண் குறையக் குறைய லென்ஸின் துவாரம் பெரிதாகும். 18-55 லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் கிடைப்பது எஃப் 5.6. அதைவிட எஃப் 1.8 கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 1/6 வினாடி ஷட்டர் தேவைப்பட்ட இடத்தில் 1/60 போதும். 1/6 வினாடியில் நெய் வார்க்கும் கை கட்டாயம் ஆடித்தான் விழும்.

சரி, 1.8லிருந்து 1.4க்குப் போனால்? வெறும் 1.6 மடங்குதான். 1/60 என்பது 1/100 ஆகும், அவ்வளவே. விலையோ சுமார் மூன்று மடங்கு. கேனானின் மிரர்லெஸ் கேமராக்களுக்கு 2018ல் வந்த எஃப் 1.2 லென்ஸின் எடை 950 கிராம். 2020ல் வந்த எஃப் 1.8 வெறும் 160 கிராம். விலை வித்தியாசம் பத்து மடங்குக்கும் மேல். வெளிச்சமோ 2.25 மடங்குதான் கூடும்.

விலை கூடியதில் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. 1993ல் வந்த கேனான் எஃப் 1.4ல் தூர அளவுகோல் உண்டு. ஆட்டோ ஃபோகஸில் இருக்கும்போதே கையாலும் ஃபோகஸ் திருப்பலாம். 1990ல் வந்த பழைய எஃப் 1.8ல், கேமராவில் மாட்டும் வளையம்கூட பிளாஸ்டிக். "பிளாஸ்டிக் லென்ஸ்" என்ற கெட்ட பெயர் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் 2015ல் வந்த எஸ்டிஎம் மாடலில் அந்த வளையம் உலோகம். மோட்டார் சத்தமும் குறைவு. பெயர்தான் இன்னும் மாறவில்லை!

இன்னொன்றும் உண்டு. இவன் கேமராவில் 1 மீட்டர் தூரத்தில் ஒரு முகத்தை எஃப் 1.4ல் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 2 செ.மீ. மட்டுமே. முகம் கொஞ்சம் திரும்பியிருந்தால் ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானும் அந்த எஃப் 1.4ஐ வாங்கியவன்தான். ஒரு வருடம் கழித்துக் கம்ப்யூட்டரில் கணக்குப் பார்த்தேன். நீங்களும் பார்க்கலாம். விண்டோஸில் படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்து டீடெய்ல்ஸ் வியூவுக்கு மாறுங்கள். மேலே நேம், டேட் என்று இருக்கும் வரிசையில் ரைட் கிளிக் செய்து, மோர் என்பதில் எஃப்-ஸ்டாப்பை டிக் செய்யுங்கள். ஒவ்வொரு படமும் எந்த எஃப் எண்ணில் எடுக்கப்பட்டது என்று வந்துவிடும். என் படங்களில் பெரும்பாலானவை 2.8, 4. எஃப் 1.4 என்று இருந்தவற்றை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மூன்று மடங்கு பணம் அதற்குத்தான் கொடுத்திருக்கிறேன்.

லென்ஸின் கூர்மை என்று வாதம் செய்வோரும் உண்டு. 24 மெகாபிக்சல் படத்தை ஃபுல் எச்டி மானிட்டரில் முழுதாகப் பார்க்கும்போது திரையில் இருப்பது 2 மெகாபிக்சல் சொச்சம்தான். அதில் இரண்டு லென்ஸ்களையும் பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

விலையைவிட எனக்கு வேறு கவலை இருந்தது. இவன் கேமராவின் சென்சார் சிறியது. அதில் 50 மி.மீ. லென்ஸ் 80 மி.மீ. போலத் தெரியும். சின்ன ஹாலில் முதுகு சுவரில் முட்டும். எந்த விலை லென்ஸ் வாங்கினாலும் இது மாறாது. "கையில இருக்கிற ஜூமை 50ல வெச்சு, ஒரு வாரம் திருப்பாம எடு. அப்புறம் சொல்லு" என்று அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் போன் வந்தது. "மாமா, ஹால்ல தாத்தா வந்தா பாட்டி வெளிய போயிடறாங்க. ஆனா தனித்தனியா எடுத்தா முகம் நல்லா வருது. 1.8 போதும். பழசு ஒண்ணு வருது, வாங்கலாமா?"

வாங்கு, ஆனால் லென்ஸுக்குள் ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் பார் என்றேன். சிலந்தி வலை போல ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதைத் தொட வேண்டாம்.