தன் முதுகு தனக்குத் தெரியாது

‘தன் முதுகு தனக்குத் தெரியாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. பிறர் குறையைத் தூற்றித் தன் குறையை மறந்தவனைக் கண்டிக்க நாம் இதனைச் சொல்வதுண்டு. இதே உண்மையை அடிப்படையாகக் கொண்டு வானத்தில் உயிர்களைக் காத்தவர் ஒருவர் இருந்தார். அவர் அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாச். அவரது வாழ்வை இம்மாதம் சிந்திப்போம்.

1905-ஆம் ஆண்டு ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்த தாச், 1927-இல் கடற்படைக் கல்லூரியில் தேறி, 1930-இல் விமானியானார். 1941-இல் ஒரு போர்விமானப் பிரிவின் தலைவராக இருந்து இளம் விமானிகளைப் பயிற்றுவித்து வந்தபோது, அவர் கைக்கு ஓர் உளவறிக்கை கிட்டியது. ஜப்பானியரின் ‘ஜீரோ’ விமானம் வேகத்திலும், மேலெழும் ஆற்றலிலும், வளைந்து திரும்பும் இலாவகத்திலும் தலைசிறந்தது என்றது அவ்வறிக்கை. தம் வீரர்கள் ஓட்டிய ‘வைல்டுகேட்’ விமானமோ இம்மூன்றிலும் அதற்கு ஈடாகாது என்பதைத் தாச் உணர்ந்தார்.

அவர் சோர்ந்துவிடவில்லை. கலிபோர்னியாவில் கொரனாடோ என்னும் ஊரிலிருந்த தம் இல்லத்து மேசைமீது தீக்குச்சிகளை விமானங்களாக அடுக்கி, இரவு நேரங்களில் வழி தேடினார். அவர் கண்டறிந்த முறை எளியது. இரு விமானங்கள் இடைவெளி விட்டு அருகருகே பறக்கும். ஒவ்வொருவரும் தம் முதுகையன்று, தோழரின் முதுகையே கண்காணிப்பர். ஒருவரைப் பகைவர் பின்தொடர்ந்தால், அதனைக் கண்ட தோழர் உடனே அவர் பக்கமாகத் திரும்புவார். அத்திருப்பமே எச்சரிக்கை, வாய்ச்சொல் தேவையில்லை. அவரும் தோழரை நோக்கித் திரும்புவார். இருவர் பாதையும் குறுக்கிடும்போது, துரத்தி வந்த பகைவர் தோழரின் துப்பாக்கிக்கு நேரே வந்து நிற்பார்.

இதனைச் சோதிக்கத் தம் மாணவர் எட்வர்டு ஓஹேரை எதிரியாகப் பறக்கச் செய்தார். ஓஹேரின் நான்கு விமானங்களுக்கு முழு வேகம். தாச்சின் நான்கிற்கோ குறைந்த வேகமே. ஆயினும், எப்பக்கமிருந்து பாய்ந்தாலும் ஓஹேருக்கு வாய்ப்புக் கிட்டவில்லை.

1942 ஜூன் 4 அன்று, பசிபிக் கடலில் மிட்வே தீவருகே உண்மைச் சோதனை வந்தது. ‘யார்க்டவுன்’ கப்பலிலிருந்து புறப்பட்ட 12 டார்பிடோ விமானங்களுக்குக் காவலாகத் தாச் 6 விமானங்களோடு சென்றார். ஜீரோக்கள் கூட்டமாகச் சூழ்ந்தன; அவருடைய விமானங்களில் ஒன்று உடனே வீழ்ந்தது. துணைக்கு வந்த மற்றோர் அணியின் தலைவர் வேறு பிரிவினர். புதிய முறையைப் பயிலாதவர். அவரது வானொலியும் பழுது. எனவே, தம்மருகே பறந்த டிப் என்னும் இளம் விமானியை விலகிப் பறக்கச் சொல்லித் தாச் அம்முறையைக் கையாண்டார். டிப்பைத் துரத்திய ஜீரோவைத் தாச் எதிர்கொண்டு வீழ்த்தினார்; இருவரும் உயிரோடு திரும்பினர். ஆனால் அவர்கள் காக்கச் சென்ற 12 விமானங்களில் 10 சுட்டு வீழ்த்தப்பட்டன. எஞ்சிய இரண்டும் கடலிலேயே இறங்கின. வீரத்தைப் பேசும்போது இவ்விழப்பையும் நாம் மறத்தலாகாது. இருபுறமும் மாண்டவர் தாய் பெற்ற மக்களே.

மிட்வேக்குப் பின் தாச்சைப் போர்முனையில் நிறுத்தி வைக்கவில்லை. புளோரிடாவின் ஜாக்சன்வில்லுக்கு அனுப்பி, புதியவர்களுக்குக் கற்பிக்கும் பணியை அளித்தனர். பயிற்சித் திரைப்படங்களும் தயாரிக்கச் செய்தனர். அனுபவம் மிக்கவரை வகுப்பறைக்கு அனுப்புவது வீண் எனச் சிலருக்குத் தோன்றலாம். மறுபுறம் நடந்ததைப் பாருங்கள். ஜப்பானியர் தம் தேர்ந்த விமானிகளைப் பெரும்பாலும் போர்முனையிலேயே வைத்திருந்தனர். அவர்கள் ஒவ்வொருவராக மடிய, அவர்தம் அறிவும் அவர்களோடு கடலில் மூழ்கியது. 1944 ஜூன் மாதம் மரியானாத் தீவுகளருகே நடந்த போரில், போதிய பயிற்சியற்ற இளைஞர்களோடு 300-க்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் இரண்டே நாளில் அழிந்தன.

தாச் பின்னர் அட்மிரல் பதவி வரை உயர்ந்து, 1967-இல் ஓய்வு பெற்று, 1981-இல் மறைந்தார். அவர் வீழ்த்திய விமானங்களின் எண்ணிக்கையைவிட, அவர் பெயரால் வழங்கும் அப்பறக்கும் முறையே இன்றும் நினைக்கப்படுகிறது.

நம் இல்லங்களிலும் தொழில் தெரிந்த பெரியவர்கள் இருக்கின்றனர். ‘என் காலம் வரை நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று கணக்கையும் கைத்தொழிலையும் தம்மிடமே வைத்திருப்போர் பலர். பிள்ளைகள் தடுமாறும் நாளில் அருகிருக்க நாம் இருப்போமா? தெரிந்ததை இன்றே கற்றுக்கொடுப்போம். கணவனும் மனைவியும், அண்ணனும் தம்பியும் ஒருவர் காணாததை மற்றவர் கண்டு சொல்லட்டும். சொல்லும்போது சினவாது கேட்கவும் பழகுவோம்.