ஃபேன் வாங்கும் நாள்

கோடை பிறந்ததும் மின்சிக்கன அறிவுரைகளும் பிறந்துவிடுகின்றன. அறையை விட்டு வெளியே வரும்போது விளக்கை அணையுங்கள், செல்போன் சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றுங்கள் என்று வழக்கமான பட்டியல். எதுவும் தவறில்லை. ஆனால் கணக்குப் போட்டால், பட்டியலில் உள்ள பலவும் சில்லறை. போன் மாட்டாத சார்ஜர் ஆண்டு முழுக்கச் செருகியே கிடந்தாலும் இழுப்பது ஒன்றிரண்டு யூனிட்தான். 9 வாட் எல்.இ.டி. பல்பை அணைக்க மறந்து இரவு முழுக்க எரியவிட்டால் போவது பத்தில் ஒரு யூனிட். அதே இரவில் அதே அறையில் சுழலும் பழைய சீலிங் ஃபேன் முக்கால் யூனிட்டை விழுங்கியிருக்கும். அதை அணைக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது; சொல்லவும் கூடாது. மின்சிக்கனம் என்றாலே தினசரி ஒழுக்கம் என்று நினைக்கப் பழகிவிட்டோம். ஒரு வீட்டின் மின்செலவில் பெரும்பகுதி, பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை கடையில் நின்று எதை வாங்குகிறோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

தமிழ்நாட்டு வீட்டில் அப்படிப்பட்ட முதல் பொருள் சீலிங் ஃபேன். பழைய வகை ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் பொருத்திய புதிய வகை, ஏறக்குறைய அதே காற்றை 30 வாட்டில் தருகிறது. சென்னையிலும் மதுரையிலும் ஒரு ஃபேன் நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடுவது அதிசயமில்லை. அப்படி ஓடினால் ஒரு ஃபேனில் ஆண்டுக்கு மிச்சம் 240 யூனிட்டுக்குக் குறையாது. இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரம் தயாராகும்போது சராசரியாக 700 கிராமுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. நம் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. ஆகவே மூன்று ஃபேன்கள் அப்படி ஓடும் ஒரு வீடு ஆண்டுக்கு அரை டன் வாயுவைத் தடுக்கலாம். இந்தியர் ஒருவரின் ஆண்டுச் சராசரியே இரண்டு டன் அளவில்தான் இருக்கிறது என்பதோடு வைத்துப் பார்த்தால் இது சின்னத் தொகை அல்ல. ஃபேன் அதிகம் ஓடுவது இரவில் என்பதும் முக்கியம். பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கும். பொழுது சாய்ந்ததும் அது நின்றுவிட, காற்று வீசாத மாதங்களில் அந்த இடத்தைப் பெரும்பாலும் அனல்மின் நிலையங்களே நிரப்ப வேண்டியிருக்கிறது. படுக்கையறையில் மிச்சமாகும் யூனிட், நண்பகலில் மிச்சமாகும் யூனிட்டைவிடக் கூடுதல் கரியைத் தடுக்கும்.

இதெல்லாம் காகிதக் கணக்கு என்று ஒதுக்குபவர்கள், நம் வீட்டு விளக்குகளுக்கு என்ன நடந்தது என்று பார்க்கலாம். 2014-இல் மத்திய அரசின் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் ஓர் எல்.இ.டி. பல்பைக் கொள்முதல் செய்த விலை 310 ரூபாய். 2015 ஜனவரியில் அந்தப் பல்புகளை வீடுகளுக்கு வழங்கும் உஜாலா திட்டம் தொடங்கியது. கோடிக்கணக்கில் மொத்தமாக ஏலம் விட்டு வாங்கியதால் 2016-இல் அந்த விலை 38 ரூபாய்க்கு இறங்கியது. இதுவரை அத்திட்டத்தில் விநியோகமானவை 36 கோடிக்கும் மேல். குண்டு பல்பு நம் வீடுகளிலிருந்து ஏறத்தாழ மறைந்தே போனது. பூமி சூடாகிறதே என்று கவலைப்பட்டு யாரும் பல்பை மாற்றவில்லை. நல்ல பொருள் மலிவாகக் கிடைத்தது, மாற்றினார்கள்.

இந்தப் பேச்சுக்கு எப்போதும் வரும் மறுப்பு ஒன்று உண்டு. அமெரிக்கர் ஒருவர் நம்மைப்போல் ஆறேழு மடங்கு வாயுவை வெளியேற்றுகிறார், தொழிற்சாலைகள் புகையைக் கக்குகின்றன, என் வீட்டு ஃபேனா உலகைச் சுட்டெரிக்கிறது? கேள்வி நியாயமானது. புவி வெப்பமாதலின் பழைய கடன் நம்முடையதல்ல. அதைச் சர்வதேச மாநாடுகளில் இந்தியா அழுத்திச் சொல்வது சரிதான். ஆனால் நாட்டின் மின்நுகர்வில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வீடுகளுடையது. ஏ.சி. வாங்கும் குடும்பங்கள் பெருகப் பெருக அது இன்னும் ஏறும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இந்த உச்சத்தைச் சமாளிக்க இன்று கட்டும் ஓர் அனல்மின் நிலையம் இன்னும் நாற்பது ஆண்டுக்கு நிலக்கரி கேட்கும். அதன் புகையும் சாம்பலும் வாஷிங்டனுக்குப் போகப்போவதில்லை. எண்ணூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதைவிடக் கூர்மையான மறுப்பு தெருமுனை மெக்கானிக்கிடமிருந்து வருகிறது. பழைய ஃபேன் நின்றால் கண்டென்சரை மாற்றலாம், காயில் கட்டலாம். சில நூறு ரூபாயில் மறுபடி ஓடும். புதிய ஃபேனில் சர்க்யூட் போர்டு போனால் அந்தந்தக் கம்பெனியையே நம்பியிருக்க வேண்டும். (ரிமோட் தொலைந்தால் நேரும் அவதி தனி.) மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் இது வெறும் பயமல்ல. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு, மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகியிருக்கிறது. அதோடு நிற்காமல், போர்டு நீண்ட காலம் உதிரிபாகமாகக் கிடைக்க வேண்டும், வெவ்வேறு கம்பெனிகளின் போர்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்றும் விதி வந்தால் மெக்கானிக்கின் பிழைப்பும் தொடரும், வாங்குபவரின் தயக்கமும் தீரும்.

விலைதான் அடுத்த தடை. புதிய ஃபேன் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கூடுதல். 500 யூனிட்டைத் தாண்டிக் கட்டணம் எகிறிவிடுமோ என்று மீட்டரை எட்டிப் பார்க்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு ஓரிரு ஆண்டில் அது கைக்கு வந்துவிடும். ஏழைக் குடும்பத்தின் கதை வேறு. 2016-இல் தமிழக அரசு, இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட்டை வீடுகளுக்கு இலவசமாக்கியது. இரண்டு பழைய ஃபேன்கள் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினாலே இரண்டு மாதத்தில் 90 யூனிட் ஆகிறது. அதாவது, இலவச நூறில் ஏறக்குறைய முழுவதும் இரண்டு ஃபேன்களுக்கே போகிறது. கட்டணமே கட்டாதவர் காசு போட்டு ஃபேனை மாற்ற எந்தக் காரணமும் இல்லை. அவரைக் குறை சொல்வது அபத்தம். அந்த யூனிட்டுகளுக்குப் பணம் கட்டுவது கருவூலம். ஆகவே ஃபேனை மாற்றினால் லாபமும் கருவூலத்துக்குத்தான்: ஒரு வீட்டுக்கு ஆண்டில் 320 யூனிட் அளவுக்கு மானியம் மிச்சம். 2011-இல் மிக்ஸி, கிரைண்டரோடு மேஜை ஃபேனையும் வீட்டுக்கு வீடு கொடுத்த அரசு இது. கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. கொடுக்கும் பொருளைக் கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஏ.சி. விஷயத்தில் ஓரளவு வழி தெரிந்திருக்கிறது. நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏ.சி.கள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் நிற்க வேண்டும் என்று 2020 முதல் விதி. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் ஆறு சதவீத மின்சாரம் மிச்சம். கூடவே ஃபேனையும் சுழலவிட்டால் 26-இலேயே சுகமாகத் தூங்கலாம். ஆனால் ஏ.சி. எதோடு மல்லுக்கட்டுகிறது என்பதைப் பலர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை, நள்ளிரவு வரை அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது. முன்பு மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துத் தளம் போட்டு, மேலே தட்டோடு பதிப்பார்கள். செலவையும் நாளையும் மிச்சம் பிடிக்கிறோம் என்று பல கட்டடங்களில் அதை விட்டுவிட்டார்கள். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே கூரைச்சூடு கணிசமாகக் குறையும். ஆனால் அடிக்க வேண்டியவர் வீட்டுக்காரர், வேகிறவர் மேல்மாடியில் குடியிருப்பவர், கரண்ட் பில் கட்டுவதும் அவரே. ஃபேனுக்கும் இதே கதைதான்: வாங்கி மாட்டுபவர் ஒருவர், பில் கட்டுபவர் வேறொருவர். இந்த முடிச்சை அறிவுரையால் அவிழ்க்க முடியாது. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தபோது, வீட்டுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே மாடியிலிருந்து குழாய் இறக்கினார்கள். அதே மாடியின் மேல்தளத்துக்கும் ஒரு விதி எழுதலாம்: புதிய வீட்டுக்கு அனுமதி தரும்போதே வெப்பம் தாங்கும் தளமோ வெள்ளைப் பூச்சோ கட்டாயம், வாடகைக்கு விடும் வீட்டில் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஃபேன் கட்டாயம்.