எர்ணாவூருக்கு மதிப்பெண் போடாதீர்கள்

தூக்கத்தை அளந்து தருகிறோம், ஆழமாக்கித் தருகிறோம் என்று சொல்லும் செல்போன் செயலிகள் இன்று ஏராளம். அவற்றின் விளம்பரங்களில் வரும் படுக்கையறையை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். வெள்ளை விரிப்பு, இழுத்து மூடிய திரைச்சீலை, ஏசி, பத்து மணிக்கு அணையும் விளக்கு. வடசென்னையின் எர்ணாவூரில் எத்தனை வீட்டில் அப்படியொரு அறை உண்டு? ஆனாலும் அதே செயலி எர்ணாவூர் போன்களிலும் வந்து உட்காருகிறது. அதே கேள்விகளைக் கேட்கிறது. விடிந்ததும் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டு, உங்கள் தூக்கப் பழக்கம் சரியில்லை என்று கடிந்துகொள்கிறது. இந்தத் துடுக்குத்தனத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

எர்ணாவூரின் இரவைத் தெரிந்துகொண்டு பேசட்டும். சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்பது பல ஆண்டுத் தொல்லை. ஏர் ஹாரன், பிரேக்கின் சீறல், காலி டிரெய்லர் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது எழும் இடி, எல்லாம் சன்னலுக்கு வெளியே. காற்று மணலிப் பக்கமிருந்து திரும்பினால் ஆலை வாடை உள்ளே வரும். சன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் பக்கிங்காம் கால்வாயின் கொசு. சுனாமிக்குப் பின் கடலோரக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடிவைத்த குவார்ட்டர்ஸ்களில் பாட்டியும் பேரனும் நைட் ஷிப்ட் முடித்து வந்தவரும் ஒரே அறையில் படுக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர் விடியுமுன்பே எழுந்தாக வேண்டும்.

அச்சத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய்க் கழிவு எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்தது. அதே மாதம் 26ஆம் தேதி, நள்ளிரவு நெருங்கும் வேளையில், எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு வரும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, தூக்கத்திலிருந்து எழுந்த ஜனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடியது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அப்படி ஓடியவர்களுக்குப் படுத்த பிறகும் ஒரு காது விழித்தேதான் இருக்கும். அந்த விழிப்பைப் பழக்கக் கோளாறு என்று எழுதிக் காட்டும் உரிமையை இந்த நிறுவனங்களுக்கு யார் கொடுத்தது?

தூக்கம் ஆடம்பரப் பொருளல்ல என்பதை நீதிமன்றமே சொல்லிவிட்டது. ராம்லீலா மைதான வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம், அமைதியாக உறங்குவதும் அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபலுக்கு மேல் கூடாது என்கின்றன. ஐரோப்பிய நாடுகளுக்காக 2018இல் உலக சுகாதார நிறுவனம் இரவு நேரச் சாலை இரைச்சலுக்குப் பரிந்துரைத்ததும் 45தான். தொழிற்பகுதி என்று வகைப்படுத்தினாலோ அதே விதிகளின்படி இரவில் 70 வரை போகலாம். 25 டெசிபல்தானே என்று நினைக்க வேண்டாம். ஒலி ஆற்றலின் கணக்கில் அது முந்நூறு மடங்குக்கும் மேல். எர்ணாவூரில் வீடும் ஆலையும் துறைமுகச் சாலையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. இங்கே எந்தத் தெருவுக்கு எந்த வரம்பு என்று தெளிவாக அறிவிப்பது மாநில அரசின் கடமை. குடியிருப்புப் பகுதியில் இரவில் ஹாரன் அடிக்கவே கூடாது என்று 2010இல் விதியைத் திருத்தினார்கள். எண்ணூர் சாலையில் அந்த விதிக்கு ஒரு நாளாவது உயிர் இருந்ததா?

இனி, செயலிகளின் வடிவமைப்புக்கு வருவோம். முதல் கோளாறு அளவையிலேயே இருக்கிறது. தலையணையோரம் வைத்த போன், உள்ளே இருக்கும் அசைவுக் கருவியையும் மைக்கையும் வைத்துத் தூக்கத்தை ஊகிக்கிறது. தூக்கத்தின் படிநிலைகளை முறையாக அறிய மூளையின் மின் அலைகள், கண்ணசைவு, தசை இறுக்கம் மூன்றையும் ஆய்வகத்தில் பதிவு செய்தாக வேண்டும். போன் ஊகத்தைத்தான் தருகிறது. அந்த ஊகமும் தனி அறையில், தனி மெத்தையில் ஒருவர் படுக்கிறார் என்ற நினைப்பில் செய்தது. ஒரே பாயில் மூன்று பேர் படுக்கும் வீட்டில், புரண்டது குழந்தையா தாயா என்று அதற்குத் தெரியாது. குறட்டை யாருடையது என்பதும் தெரியாது. மதிப்பெண் மட்டும் கூசாமல் வந்துவிடும். தூக்கக் கருவி காட்டும் எண்ணைப் பார்த்துப் பார்த்தே கவலைப்பட்டுத் தூக்கம் கெட்டவர்களைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இலேயே எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகும் காலைதோறும் அந்த எண்ணைத் திரையில் பெரிதாகக் காட்டுவது தெரிந்தே செய்யும் தவறு.

இரண்டாவது கோளாறு இன்னும் ஆபத்தானது. தினமும் ஒரே நேரத்தில் படுங்கள், ஒரே நேரத்தில் எழுங்கள் என்பது இவர்களின் முதல் பாடம். முறை மாறி மாறி ஷிப்ட் பார்க்கும் தொழிலாளியிடம் இதைச் சொல்வது கேலி. இரவு ஷிப்ட் வேலை புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இல் வகைப்படுத்தி, 2019இல் மறுபடியும் உறுதி செய்தது. அந்த வேலை செய்பவரிடம் 'நீங்கள் எந்த ஷிப்ட்?' என்ற ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஆலோசனை சொல்லக் கிளம்புவது பொறுப்பின்மை.

நல்ல சிகிச்சையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு உறுதியான சான்றுகள் உண்டு. அதைச் செயலி வடிவில் தரும் ஸ்லீப்பியோவைத் தூக்க மாத்திரைக்கு மாற்றாகப் பிரிட்டனில் சிகிச்சைகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பு 2022இல் பரிந்துரைத்தது. ஆனால் அந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி, படுக்கையில் கழிக்கும் நேரத்தைச் சில வாரங்களுக்கு வேண்டுமென்றே குறைப்பது. அந்த நாட்களில் பகலில் தூக்கத்தில் கண் சொக்கும். டிரெய்லர் ஓட்டுநருக்கும் கிரேன் இயக்குபவருக்கும் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இதைச் சொல்லலாமா? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயாளிக்கு மழைச் சத்தம் போட்டுக் காட்டினால் நோய் தீருமா? உரத்த குறட்டையும் பகல் சோர்வும் சேர்ந்து இருந்தால், செயலி தன் பாட்டை நிறுத்திக்கொண்டு, ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவமனைக்குப் போங்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத செயலிக்கு நலம் என்ற பெயர் எதற்கு?

2017இல் நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், தங்கள் போட்டியாளர்களில் ஒன்று மக்களின் தூக்கம் என்று பேசினார். அவராவது ஒளிக்காமல் சொன்னார். விழிக்க வைக்கும் அதே போனைத் தலைமாட்டில் வைக்கச் சொல்லித் தூக்கத்தை விற்பவர்கள் அதைக்கூடச் சொல்வதில்லை. 2019இல் பெங்களூரு மெத்தை நிறுவனமான வேக்ஃபிட், 100 இரவுகள் தினமும் 9 மணி நேரம் தூங்குபவருக்கு 1 லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. நாடே சிரித்து ரசித்தது. எர்ணாவூர்க்காரர் யாராவது அதற்கு விண்ணப்பித்திருந்தால் முதல் இரவிலேயே தோற்றிருப்பார்.

காசு விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறோம். இலவசம் என்று சேர்த்து, ஏழு நாள் கழித்து ஆண்டுச் சந்தாவைத் தானாகப் பிடிப்பதும், விலகும் பொத்தானை ஒளித்து வைப்பதும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்த வழிகாட்டு நெறிகளில் தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் அடங்கும். ஒரு வீட்டில் யார் எப்போது தூங்குகிறார்கள், எப்போது பேசுகிறார்கள் என்பதை இரவு முழுக்க மைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கான ஒப்புதலை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள தமிழ் முதலான மொழிகளிலோ படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பத்துப் பக்க ஆங்கிலத்துக்குக் கீழே 'சம்மதம்' என்று அழுத்தச் சொல்வது சம்மதம் ஆகாது.

ஆகவே செயலி செய்பவர்கள் திருத்த வேண்டியதைத் திட்டமாகவே சொல்கிறோம். மதிப்பெண்ணை எடுங்கள். முதல் திரையில் ஷிப்ட் என்ன, வேலை என்ன, அறையில் எத்தனை பேர் என்று தமிழில் கேளுங்கள். எதைக் குணப்படுத்துவதாகச் சொல்கிறீர்களோ அதற்குச் சான்று காட்டுங்கள். நோயைக் கண்டறிவதாகவோ தீர்ப்பதாகவோ சொல்லும் மென்பொருளும் 2020 முதல் இந்தியச் சட்டத்தில் மருத்துவச் சாதனம்தான். விளம்பரத்தில் மருத்துவமும் பொடி எழுத்தில் 'பொழுதுபோக்குக்கு மட்டும்' என்ற தப்பித்தலும் ஒன்றாக நிற்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மைக்கை வெளியே திருப்புங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு இரைச்சல் உறங்கியவரை எழுப்பியது என்ற பதிவைப் பயனாளியின் கையில் கொடுங்கள். போன் மைக் சட்டம் ஏற்கும் அளவுமானி இல்லைதான். ஆனால் அதிகாரியைக் கருவியோடு தெருவுக்கு வரவழைக்க அது போதும்.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் இதில் விலக்கு இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011இல் தொடர் ஒலி கண்காணிப்பைத் தொடங்கிய ஏழு பெருநகரங்களில் சென்னையும் ஒன்று. மாநில வாரியம் எர்ணாவூர் குடியிருப்புகளுக்கு நடுவே நிரந்தர ஒலிமானி ஒன்றை வைத்து, இரவு அளவுகளைத் தினமும் வெளியிட வேண்டும். போக்குவரத்துக் காவல்துறை இரவு ஹாரனுக்கு வழக்குப் போட வேண்டும். லாரிகளைச் சாலையில் நிறுத்தி வைக்காமல் உள்ளே வாங்கிக்கொள்ளும் பொறுப்பைத் துறைமுகம் ஏற்க வேண்டும். அந்த லாரிகளின் கேபினில் சுருண்டு கிடக்கும் ஓட்டுநர்களும் தூக்கம் இழந்தவர்களே.

எர்ணாவூர் வாசகர்களுக்கு ஒரு சொல். இரவு இரைச்சல் வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் தரும் உரிமை ஒலி மாசு விதிகளில் எழுதப்பட்டிருக்கிறது. சந்தா கட்டும் முன் அந்தப் புகாரை எழுதுங்கள். தெருவாகச் சேர்ந்து எழுதுங்கள், ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.