வீல் மாத்தினால் மலை குறையுமா?

தம்பிமார் கோபிக்க வேண்டாம், வாசித்து முடித்துவிட்டு ஏசுங்கள்.

ஹட்டன், நுவரெலியா பக்கம் றோட் பைக் ஓடுகிற பிள்ளைகளுக்கு ஒரு வருத்தம் பிடித்திருக்கிறது. பைக் வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை, அதற்குள் "சேர், வீல்செட் மாத்தப் போறேன்". எங்களிடம் படித்த ஒருவன் உம்மாவின் காப்பை அடகு வைத்து 50 மில்லிமீற்றர் காபன் வீல் எடுத்தான். மூன்றாம் கிழமை றம்பொடை இறக்கத்தில் முன் டியூப் வெடித்து, தோள் எலும்பு முறிந்து கிடந்தான். ரிம்மின் ஓரம் சூட்டில் வீங்கியிருந்தது. பின்னால் பஸ் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

யூடியூப்காரன் சொல்வது அவனுடைய சமதரைக்கு. ஆழமான ரிம் காற்றை வெட்டுவது மணிக்கு 30, 35 கிலோமீற்றருக்கு மேலே போனால்தான் பெரிதாகத் தெரியும். நம் ஏற்றத்தில் நாங்கள் ஓடுவது 10, 12. கொழுந்து லொறியே முந்திக்கொண்டு போகும். பாரம் குறையும் என்கிறீர்களா? ஆளும் பைக்கும் போத்தலும் சேர்ந்து 77 கிலோ என்று வையுங்கள். 400 கிராம் குறைத்தால் ஒரு மணித்தியால ஏற்றத்தில் மிச்சம் 20 விநாடிகூட இல்லை. "சுத்துற பாரம் இரட்டிப்பு" என்பதும் வேகம் கூட்டும்போது மட்டும்தான். ஒரே வேகத்தில் ஏறும்போது வீலில் இருந்தாலும் பொக்கட்டில் இருந்தாலும் 400 கிராம் 400 கிராம்தான்.

இறக்கம்தான் விஷயம். அதே 77 கிலோ 500 மீற்றர் உயரம் இறங்கினால் வெளிவரும் சக்தி ஒரு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். பள்ளிக்கூடக் கணக்கு. அதில் ஒரு பங்கு காற்றில் போகும். பஸ்ஸுக்குப் பின்னால் பிறேக்கைப் பிடித்துக்கொண்டே வளைவு வளைவாக இறங்கினால் மிச்சமெல்லாம் ரிம்முக்குத்தான். அலுமினியம் அந்தச் சூட்டைப் பரப்பிக் காற்றுக்குக் கொடுத்துவிடும். காபன் கொடுக்காது, அதிலுள்ள பிசின் இளகும். மழையில் காபன் ரிம்மை பிறேக் லேசில் பிடிக்காது. வட்டவளை மழையைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டுமா?

டிஸ்க் பிறேக் என்றால் சூடு ரிம்மில் ஏறாது, ஒப்புக்கொள்கிறோம். கம்பனி போட்டு அனுப்புகிற வீல் பாரம் என்பதும் உண்மை. ஆனால் பள்ளத்தாக்கிலிருந்து திடீரென்று அடிக்கும் குறுக்குக் காற்று டிஸ்க் பார்த்து அடிப்பதில்லை.

"என் காசு, என் விருப்பம்." 2022இல் பெற்றோல் இல்லாமல் பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தோமே, யார் ரிம்மின் ஆழம் கேட்டது? ஜும்ஆவில் வீண்விரயம் பற்றிக் கேட்டுத் தலையாட்டுகிறோம், வெளியே வந்து லீசிங் கேட்கிறோம்.

காசு இருந்தால் முதலில் நல்ல டயர் போடுங்கள், பிரேம் இடம் கொடுத்தால் 28. புது பிறேக் கட்டை. பின்னால் 34 பல் கசற், டிறெயிலர் தாங்குமா என்று பார்த்து. கம்பி இழுத்து நேராக்கி, ஹப்புக்குக் கிறீஸ். ரிம்மில் தேய்மானக் கோடு மறைந்திருந்தால் வீல் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் அலுமினியம், 28 அல்லது 32 கம்பி.

எந்த டயர் போகும் என்று தெரியாதவர்கள் பின் பிறேக் பக்கத்தைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். இஷாவுக்குப் பிறகு பார்த்துச் சொல்கிறோம்.